ஐந்தாவது சீட்டு

இதை எனக்கு முதலில் சொன்னவர் எதிர்வீட்டுத் தையற்காரர்தாம். சொல்லும்போது அவர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவும் சேர்ந்து நடுங்கியது, ஆகவே நம்பினேன்.

அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்த பெரியவர் சென்ற ஆண்டு அங்கேயே கண்மூடினார். ஒரு தேர்தலையும் தவறவிடாத மனிதர். அன்றுமுதல் அறை பூட்டிக் கிடந்தது. ஆயினும் மாலை வேளைகளில் மேலே நாற்காலி நகரும் ஓசை கேட்கும். வெட்டுமேசை போட அவ்வறை தமக்கே வேண்டுமென்றார் தையற்காரர். பிள்ளைகள் படிப்பதற்கு வேண்டுமென்றாள் மனைவி.

மகளுக்கும் மகனுக்கும் குடிமையியல் தேர்வு நெருங்கியது. உடனே அவருக்கு மாபெரும் யோசனை உதித்தது: வீட்டிலேயே தேர்தல்! பாடமும் ஆயிற்று, அறையும் ஆயிற்று. பிள்ளைகள் கையில் ஆளுக்கு இருபது ரூபாயை இரகசியமாக அழுத்தினார். பழுப்புத்தாளில் நான்கே சீட்டுகள் வெட்டி, கள்ளச்சீட்டு கலவாதிருக்க ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் கோடிட்டார். பிஸ்கட் டப்பா வாக்குப்பெட்டி ஆயிற்று.

எல்லோரும் போட்டு முடித்ததும் திறந்தார். எண்ணினார். ஐந்து சீட்டுகள்! அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு நான்கு.

"நாம நாலு பேர்தானே?"

"மாடித் தாத்தா பேரு இன்னும் வாக்காளர் பட்டியல்ல இருக்குப்பா," என்றாள் மகள். "யாரும் அடிக்கவே இல்ல."

மேலே நாற்காலி நகர்ந்தது.

"எலிடி அது!"

"எலி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருமாங்க?" என்றாள் மனைவி.

"இந்தத் தேர்தல் செல்லாது! நாளைக்கு மறுபடியும் ஓட்டு!"

மறுநாள் மாலை ஒருவருக்கும் தெரியாமல் மாடியேறினார். சாவி இடுப்பில் இருந்தது. திறக்கும் துணிவு நெஞ்சில் இல்லை. இருபது ரூபாய்த் தாளொன்றை நான்காக மடித்துக் கதவின் அடியில் தள்ளினார்.

"ஐயா, நம்மளைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

பாதிதான் தள்ளினார். மீதி தானே உள்ளே போயிற்று.

மறுதேர்தலிலும் ஐந்து சீட்டுகள். மீண்டும் ஒன்றுக்கு நான்கு. சாவியை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். பின்பு பிள்ளைகளிடம் திரும்பி, "ஏண்டா, காசு வாங்கினீங்களே?" என்றார்.

"யாருக்குப் போட்டோம்னு யாருமே கேக்கக் கூடாதுன்னு எதிர்வீட்டு டீச்சர் சொன்னாங்கப்பா," என்றான் மகன், வாயில் மிட்டாயுடன்.

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சாக்கட்டி.

"ரெண்டு நாளும் அஞ்சாவது சீட்டு நான் போட்டதுதான். வெறுமனே தோத்தா நீங்க சாவி குடுக்கிற ஆளா?"

அவருக்கு உயிர் வந்தது. "அடிப்பாவி! அப்ப அந்த இருபது ரூபாயையும் எடு!"

"எந்த இருபது?"

"கதவுக்கு அடியில நீ இழுத்தியே?"

"சாவி உங்க இடுப்புல இருக்கிறப்ப நான் எப்படிங்க உள்ள போவேன்?"

நால்வரும் ஏறிச்சென்று திறந்தனர். தரையெங்கும் தூசி, ஒரு காலடித் தடமும் இல்லை. பணமும் இல்லை. நாற்காலி மட்டும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

இப்போது பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். வாங்கிய காசை அவர்கள் தின்று தீர்த்துவிட்டார்கள். மாடிப் பெரியவர் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. நேற்றுக் காலை தையற்காரர் கடை திறந்தபோது, கத்தரிக்கோலுக்கு அடியில், நான்காக மடித்தது மடித்தபடியே கிடந்தது: ரூபாய் இருபது.