பூங்கா ரட்சகரும் ஒரு கேன் டீயும்

மனிதர்களில் பூங்கா ரட்சகர் என்றொரு வகை உண்டு. சாதாரண நாட்களில் கண்ணில் படமாட்டார். 'நிதி இல்லை, பூங்காக்களை மூடப் போகிறோம்' என்று நகராட்சி வாயைத் திறக்கட்டும், முதல் மழைக்கு ஈசல் கிளம்புவது போலக் கிளம்பிவிடுவார். எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? வாயில் எப்போதும் நுரையீரல் இருக்கும். "பார்க்குங்கிறது நகரத்தோட நுரையீரல் சார்!" என்று லிஃப்டில் சொல்வார், மருந்துக்கடையில் சொல்வார், முடிதிருத்தும் நாற்காலியில் கழுத்தைச் சுற்றித் துணியும் காதோரம் சவரக்கத்தியுமாக இருக்கும்போதும் சொல்வார். தன் சொந்த நுரையீரலை என்றைக்காவது அந்தப் பக்கம் அழைத்துப் போயிருக்கிறாரா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் குடியிருப்பின் ரட்சகர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. வீடு மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் பூங்கா தெரியும். தூசி வரும் என்று திறப்பதில்லை.

"ஏங்க, மனு எழுதினது போதும். கீழ போய் ஒரு சுத்து நடந்துட்டுத்தான் வாங்களேன்" என்பார் அவர் மனைவி.

"பார்க்கைக் காப்பாத்தவே நேரம் பத்தல. இதுல நடக்க வேற எங்கடி போறது?"

கையெழுத்து வேட்டை, கண்டனக் கடிதம், வாட்ஸ்அப் குழு, அந்தக் குழுவில் கோபித்துக்கொண்டவர்கள் தொடங்கிய இன்னொரு குழு, இரண்டையும் சமாதானப்படுத்த மூன்றாவது குழு என்று மனிதருக்குத் தலைக்கு மேல் வேலை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குடியிருப்பு மண்டபத்தில் மாபெரும் கண்டனக் கூட்டம் என்று அறிவித்தார். பூங்காவிலேயே நடத்தலாமே என்று யாரோ கேட்டதற்கு, "அங்க ஃபேன் இல்லையே" என்று ஒரே போடாகப் போட்டார்.

இதற்கிடையில் நகராட்சியும் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதே ஞாயிறு, அதே ஐந்து மணியிலிருந்து ஆறு வரை ஓர் ஊழியர் வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணுவார். அறுபது பேருக்குக் குறைந்தால் பூங்காவுக்குப் பூட்டு. ஒட்டிய இடம், பூங்காவின் கேட். எந்த ரட்சகரின் கண்ணில் படும்?

அந்த ஞாயிறு ஐந்தரை வரை வந்தவர்கள் ஒன்பது பேர். மதியச் சாப்பாட்டை மாலையில் சாப்பிடும் தையல்காரர், பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகம் வைத்துப் படிக்கும் இரண்டு மாணவிகள், நான், இன்னும் ஐந்து பேர். ஒரு நாயும் வந்தது. அதை எண்ண விதியில்லை என்று ஊழியர் வருத்தத்தோடு சொன்னார்.

பதினாறு வருடமாக அங்கே தண்ணீர் ஊற்றுகிற தோட்டக்காரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பூங்காவுக்குப் பூட்டு விழுந்தால் அந்த அம்மாவின் வேலைக்கும் பூட்டு. "எல்லாரும் வருவாங்கன்னுல்ல நினைச்சேன்!" என்று குழாயைக் கீழே போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடினார். என்னை எண்ணியாகிவிட்டது என்பதால் நானும் பின்னால் ஓடினேன்.

மண்டபத்தில் எண்பது பேருக்குக் குறையாது. ரட்சகர் நுரையீரலின் இடதுபக்கத்தை முடித்து வலதுபக்கம் வந்திருந்தார்.

"சார், பார்க்குல ஆள் எண்றாங்க! எல்லாரும் உடனே வாங்க சார்!"

"ஒழுங்குமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா. பார்வையாளர் கருத்து கடைசில."

"கடைசில பார்க்கே இருக்காது சார்!"

"உட்காரும்மா. உனக்காகத்தானே பேசிட்டு இருக்கேன்?"

தோட்டக்காரம்மா உட்காரவில்லை. மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். எண்பது ஜோடிக் கண்களும் மேடைப் பக்கமே இல்லை. பின்சுவரோரம் இருந்த டீ கேனில் குத்திட்டு நின்றன. அந்த அம்மா டீக்காரரின் காதில் ஏதோ சொன்னார். இருவரும் கேனை ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்கினார்கள். வாசலில் நின்று தோட்டக்காரம்மா பேசிய பேச்சு இரண்டே வார்த்தை.

"டீ பார்க்குல!"

அத்தனை நாள் மனுக்களால் அசையாத மக்கள் அசைந்தார்கள். நாற்காலிகள் உருண்டன. ஆறு மணிக்குள் எண்ணும் கருவியை அமுக்கி அமுக்கியே ஊழியரின் கட்டைவிரல் வீங்கிவிட்டது. என்னை இரண்டாம் முறை எண்ணினார், நான் மறுக்கவில்லை.

எல்லோருக்கும் கடைசியாக ரட்சகர் வந்து சுற்றுச்சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். "கேட் எந்தப் பக்கம்மா?"

"அந்தப் பக்கம்தான் சார். பதினாறு வருஷமா அங்கதான் இருக்கு."

பூங்கா பிழைத்தது. அடுத்த வருடம் மறுபடி எண்ணுவார்களாம். ரட்சகர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "பேச்சுன்னா அப்படி இருக்கணும்! நான் முடிக்கிறதுக்குள்ள ஜனம் நேரா பார்க்குக்கே கிளம்பிடுச்சு, பாத்தியா?"

ஒன்பது பேரில் ஒருவன் என்று என்னை மெச்சிவிடாதீர்கள். தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு "ஒரு சுத்து வரலாம், வர்றீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். "நாளைக்கு" என்பேன். பதினோரு வருடம் அதே பதில். மூன்றாவது பெஞ்சில் நிழல் நன்றாக விழும் என்பாள். உண்மைதான். அவள் போன பிறகு, இப்போது தினமும் அங்கேதான் உட்காருகிறேன்.

சரி, சிரித்தது போதும். உங்கள் தெருப் பூங்காவின் கேட் என்ன நிறம், சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்க்கக்கூடாது.