உயிரோடு இருப்பவளுக்கு ஒரு திவசம்

உயிரோடு இருக்கிற மனைவியை நாவலில் சாகடிக்க நினைக்கிறவன் அவளிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. அப்போது நான் அவ்வளவு பெரிய எழுத்தாளன் (எழுதியது அந்த ஒன்றுதான்).

நாவலில் ஒருத்தி தனக்குப் பிடித்த பாகற்காய் வாங்கச் சந்தைக்குப் போகிறாள். குடையைக் கதவுப் பிடியில் மறந்துவிட்டுப் போனவள் திரும்பி வருவதில்லை. மிச்சம் இருநூறு பக்கமும் புருஷன் அழுகிறான். சந்தை எங்கள் வெள்ளவத்தைச் சந்தை, குடையும் எங்கள் வீட்டுக் குடை. என் மனைவி சுகந்தியோ, "அச்சடிச்சு வரட்டுமப்பா, வாசிக்கிறன்" என்றுவிட்டாள். முதல் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டு, 'என் மனைவிக்கு' என்று அச்சிடச் சொல்லிக் கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் கொடுத்தேன். (ப்ரூஃப் பார்ப்பதெல்லாம் சின்ன எழுத்தாளர்களின் வேலை.)

வெளியீட்டு விழா பின்னேரம் நாலு மணிக்கு. புத்தகப் பெட்டி அன்று காலை பத்து மணிக்குத்தான் வந்தது. திறந்தேன். சுகந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை, கீழே குத்துவிளக்கு. அதற்கும் கீழே 'உதிர்வு' என்று, செத்த நாளாக, ஒரு திகதி. அன்றைய திகதி.

அச்சகக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் அடிப்பதெல்லாம் பெரும்பாலும் செத்தவர்களுக்கான முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள்.

"தம்பி, வாசிச்சு அழுதுட்டன். மனிசியைப் பறிகுடுக்காதவன் இப்பிடி எழுதேலுமோ? திகதி கேட்டு உங்களை நோகடிக்க மனம் வரேல்ல. விழாத் திகதியையே போட்டுவிட்டன்."

என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

"சுகந்தி!" என்று கூப்பிட்டேன். விழாவுக்கு வெற்றிலை வாங்க எட்டு மணிக்கே சந்தைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. கதவுப் பிடியில் அவள் குடை தொங்கியது. காற்றே இல்லை, ஆனாலும் அது மெல்ல ஆடியது. அவளுக்குப் போன் அடித்தேன். குசினிக்குள், அடுப்புப் பக்கத்தில் மணி கேட்டது. நான் எழுதிய வீடு அப்படியே என்னைச் சுற்றி நின்றது.

"பிள்ளையாரே, அவள் காணாமல் போகிற மூன்றாம் அத்தியாயத்தை வெட்டிவிடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டு, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு, செருப்பும் இல்லாமல், புத்தகமும் கையுமாகச் சந்தைக்கு ஓடினேன்.

வெற்றிலை விற்கிற சிங்களப் பெண்ணிடம் படத்தை நீட்டி, "இவவைக் கண்டனீங்களோ?" என்றேன்.

"அனே பவ், மாத்தயா!" (ஐயோ பாவம் ஐயா என்கிறாள்.) பிறகு உற்றுப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. "இந்த நோனா... இப்பதானே வெத்தில வாங்கினது..." அவள் கண்கள் என் தோளுக்கு மேலால் எதையோ பார்த்தன. "அம்மே!" என்று அலறிக்கொண்டு வெற்றிலைக் கட்டுகளுக்குப் பின்னால் சரிந்தாள்.

என் கழுத்தில் ஒரு ஈரக் கை பட்டது.

"என்னப்பா, சாரத்தோட இங்க?"

சுகந்திதான், தண்ணீர் தெளித்த வெற்றிலையோடு. கிருலப்பனையில் இருக்கிற சிநேகிதி ஒருத்தியைக் கண்டு இரண்டு மணித்தியாலம் கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் நடுச்சந்தையில் வாய்விட்டு அழுதேன். என் கதாநாயகன் இருநூறு பக்கம் அழுததெல்லாம் பொய் அழுகை என்று அப்போதுதான் விளங்கியது.

அவள் புத்தகத்தை வாங்கித் தன் படத்தைப் பார்த்தாள். பக்கங்களைப் புரட்டினாள். நின்றபடியே வெகுநேரம் வாசித்தாள்.

"பாகற்காயோ? எனக்கு அது பிடிக்குமெண்டு ஆர் சொன்னது?"

"கிழமைக்கு ரெண்டு தரம் சமைக்கிறனீர்தானே..."

"அது உங்களுக்கு. பதினாறு வருஷமா நான் வாயிலயும் வைக்கேல்ல."

அந்தப் படப் பக்கத்தை எல்லாப் பிரதிகளிலும் கிழித்துவிட்டு விழாவை ஒப்பேற்றினோம். கிழித்ததில் ஒன்றைச் சுகந்தி சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினாள். இப்போதெல்லாம் அவள் சந்தைக்குப் போனால், வெயிலோ மழையோ, குடையைக் கையில் திணித்துத்தான் அனுப்புகிறேன்.

வருஷா வருஷம் அந்த உதிர்வுத் திகதியில் அவள் குசினிப் பக்கமே வரமாட்டாள். "செத்த ஆள் சமைக்கேலுமோ?" என்பாள். செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பதுதானே வழக்கம்? அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அவளிடமே கேட்டுக் கேட்டு நான் சமைக்கிறேன். கத்தரிக்காய்ப் பால்கறி, நண்டுக் குழம்பு. (திவசத்துக்கு நண்டோ என்று கேட்கக் கூடாது. அது செத்தவளின் விருப்பம்.) கறுப்புக் கரை போட்ட தன் படத்துக்குக் கீழேயே இருந்து, விரலை நக்கியபடி அவள் சொல்வாள்:

"உப்புக் காணாது. அடுத்த திவசத்துக்குத் திருத்துங்கோ."