நெட் காக்கும் செம்புத் தகடு

தூத்துக்குடியில் இணையம் அறுந்தால் இப்போதெல்லாம் யாரும் கம்பெனிக்கு போன் போடுவதில்லை. இசக்கிராஜா சாமிக்குப் போடுகிறார்கள். கம்பெனிக்காரன் எடுக்கமாட்டான். சாமி உடனே எடுத்துவிடுவார். பாதி பக்தி அதிலேயே வந்துவிடுகிறது.

சாமி விற்பது உள்ளங்கை அகலச் செம்புத் தகடு. சூலம், சிலுவை, பிறை என்று மூன்று மாடல். செம்பு ஒன்றுதான். ஆபீஸ் இணையப் பெட்டியின் தலையில் அதை வைத்துவிட்டால் நெட் போகாது. ரோட்டைத் தோண்டி வயரை அறுத்தாலும் போகாது. உப்பு வியாபாரி, கிளியரிங் ஏஜென்ட், கருவாட்டு மொத்த வியாபாரி எல்லோரும் வாங்கிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. எஸ்டி-வேன் என்ற புது மாதிரிப் பெட்டி இருக்கும் ஆபீசுக்குத்தான் சாமி வருவார். மற்ற இடங்களில் பூமி சரியில்லையாம். அந்தப் பெட்டியை விற்கும் கடையில்தான் சாமி முன்பு வேலை பார்த்தார். இதையும் அதையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. யோசிக்கும் வேலையைத்தான் சாமியிடம் ஒப்படைத்தாயிற்றே.

பெனிஸ்டன் இறால் ஏற்றுமதி செய்பவர். நாசரேத்துக்காரர், எம்.பி.ஏ. படித்தவர். துறைமுகம் போகும் சாலையில் ஆபீஸ், மணப்பாட்டில் கொள்முதல் கிளை. போன வருஷம் வயர் அறுந்து, சுங்கப் பேப்பர் அனுப்ப முடியாமல், ஒரு கண்டெய்னர் இறால் கப்பலைத் தவறவிட்டது. அன்று பேப்பர் அனுப்பும் நாற்காலியில் இருந்தவள் டெல்பின். அதன்பிறகு புதுப் பெட்டியும் தகடும் ஒரே நாளில் வந்தன. அன்றிலிருந்து நெட் நிற்கவில்லை. பெயர் தகட்டுக்குப் போனது.

அதோடு விட்டிருக்கலாம். சாமி விடவில்லை.

"தகடு காக்கும் சார். ஆனா அந்தப் பிள்ளை நட்சத்திரம் தகட்டுக்கு ஆகல. இந்த மாசத்தோட அனுப்பிருங்க."

டெல்பின் கத்தோலிக்கப் பிள்ளை. நட்சத்திரம் அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சாமி அசரவில்லை, ஞானஸ்நானத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டார். பெனிஸ்டன் தலையாட்டினார். டெல்பின் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் தம்பி படிப்பும் ஓடின. ஜாதகக் கட்டத்தில் அதற்கெல்லாம் இடம் கிடையாது.

மாதக் கடைசி நாள். டெல்பின் மூலையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதே நாளில் அதே ஆபீசில் சாமி தகட்டின் மகிமையைக் காட்ட ஏற்பாடு. வியாபாரிகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்கு மாலை. அதன் இரண்டு ஆன்டெனாவுக்கும் சந்தனப் பொட்டு. சுவர் டிவியில் மணப்பாட்டுக் கிளையின் பேச்சித்தாய், வீடியோ காலில்.

சாமி முணுமுணுத்தார். வயரைப் பிடுங்கினார். இமைக்கும் நேரம் படம் நடுங்கியது. பிறகு பேச்சித்தாய் பழையபடி பேசினாள்.

"நடுங்குச்சுல்லா? அதுதான் சக்தி இறங்குத நேரம்" என்றார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தமீம் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் 'காக்கா', அதாவது அண்ணன். மூன்று ஊரில் பாத்திரக் கடை. மூன்று தகடு வாங்க வந்தவர். சந்தேகப்பட வரவில்லை, விலை பேசத்தான் வந்தார்.

"சாமி, தகடு இல்லாம ஒருவாட்டி புடுங்கிக் காட்டுங்க."

"எதுக்கு காக்கா?"

"எங் கடையில பானை வாங்க வாரவன் தட்டிப் பாத்துத்தான் வாங்குதான். நான் தட்டாம வாங்குனா அவன் சிரிக்கமாட்டானா?"

"தெய்வத்தைத் தட்டிப் பாக்கக் கூடாது."

"தெய்வத்தை யாரு வே தட்டுனா? செம்பைத்தான தட்டுதேன்."

கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டத்தின் முன் மறுக்க முடியாது. தகடு இறங்கியது, மறுபடி சொருகியிருந்த வயர் வெளியே வந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"சார்," என்றாள் பேச்சித்தாய், "ஏன் எல்லாரும் கண்ணை மூடிட்டு நிக்கிய? யாரும் செத்துட்டாங்களா?"

சாமி தொண்டையைச் செருமினார். "தகட்டை எடுத்தாலும் சக்தி ஒரு மண்டலம் தங்கும்."

"நல்லதாப் போச்சு. அப்ப ஒண்ணு போதும். மூணு கடைக்கும் மாத்தி மாத்தி வச்சுக்கிடுதேன்."

சாமியின் வியாபாரம் மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது.

தமீம் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு நெட்டு வேற எது வழியாவும் வருதா?"

யாருக்கும் தெரியவில்லை. மூலையிலிருந்து டெல்பின் சொன்னாள்: "உள்ள ஒரு சிம் கிடக்கு காக்கா. மாசாமாசம் நான்தான் ரீசார்ஜ் பண்ணுதேன்."

பெனிஸ்டன் திரும்பினார். "ஏளா, இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க நட்சத்திரத்தைத்தான கேட்டிய, சார்."

தமீம் மூன்று மாடல் தகட்டையும் அடுக்கிப் பெட்டிமேல் வைக்கச் சொன்னார். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளக் கூடாதல்லவா? சிம்மை எடுத்தார்கள். வயரைப் பிடுங்கினார்கள்.

டிவியில் பேச்சித்தாய் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனாள்.

"அந்தப் பிள்ளை உள்ள நிக்கா!" என்று கத்தினார் சாமி. "அதான் தகடு வேலை செய்யல!"

"அதையும் பாத்துருவோம். ஏம்மா, செத்த நேரம் வெளிய நில்லு" என்றார் தமீம்.

டெல்பின் படிக்கட்டுக்குப் போய் நின்றாள். பேச்சித்தாயின் வாய் மூடவில்லை. காத்திருந்தார்கள். மூடவே இல்லை. டெல்பினைக் கூப்பிட்டு, வயரை அவள் கையாலேயே சொருகச் சொன்னார் தமீம். சொருகிய கொஞ்ச நேரத்தில் கால் திரும்ப வந்தது.

"எத்தனை தடவை கேக்கது?" என்றாள் பேச்சித்தாய். "இறாலை ஏத்தவா, வேண்டாமா?"

பெட்டியின் ரகசியம் அவ்வளவுதான். வயர் ஒரு வழி, சிம் இன்னொரு வழி. எது செத்தாலும் உள்ளே இருக்கும் மென்பொருள் மற்றதில் திருப்பிவிடும். அதற்காகத்தான் பெனிஸ்டன் சந்தா கட்டுகிறார். எம்.பி.ஏ.வில் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சாமி தகடுகளை அள்ளிக்கொண்டு கிளம்பினார். படியில் இரண்டு பேர் அவரை மறித்தார்கள். அடிக்கப்போகிறார்கள் என்று பார்த்தால், இல்லை. தள்ளுபடி கேட்டார்கள். "இருந்தா நல்லதுதான சாமி?"

பெனிஸ்டன் டெல்பினின் பையைத் தானே எடுத்து மேஜைமேல் வைத்தார். "நாளைக்கு வந்துரும்மா."

"வாரேன் சார். இனி நெட்டு போச்சுன்னா ரோட்டைத் தோண்டுனவன்கிட்ட கேளுங்க. எங்கிட்ட கேக்காதீங்க."

ஒரு வழி அடைந்தால் மறுவழி தேடும் புத்தியை ஒரு பெட்டிக்குள் எழுதி வைத்தவன் மனிதன். அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டவனும் மனிதன்தான். இவர்களில் நீங்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். யோசிக்க யாரும் உங்களுக்கு நாள் குறித்துத் தரவேண்டியதில்லை.