தாலிக்கொடியும் ஒரு வாக்குவம் கிளீனரும்

கண்ணீர் சேர்ப்போர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. கறிக்கு உப்புச் சேர்ப்பதுபோல இவர்கள் செய்திக்குக் கண்ணீர் சேர்ப்பார்கள். ருசி பார்க்காமலே சேர்ப்பார்கள்.

அடையாளம் காண்பது எளிது. நோர்வேயில் ஸ்டோவ்னர் சுரங்க ரயில் ஆறு நிமிடம் பிந்தி வந்தால் மற்றவர்களுக்கு அது ஆறு நிமிடம். இவருக்கு அப்படியா? மேடையில் தனியாக நின்ற ஒரு தாய், அவள் கையில் குளிர்ந்துபோன பால்போத்தல், சுரங்கத்தின் இருட்டையே வெறித்த அவள் கண்கள், தூரத்தில் தெரிந்த ஒரு வெளிச்சம், அந்த வெளிச்சம் ரயிலுடையது அல்ல என்று தெரிந்த கணம் என்று, கேட்பவரின் தேநீரில் ஆடை படியும்வரை சொல்லிக்கொண்டே போவார். பால்போத்தல் உண்மையில் இருந்ததா? இருந்தது. யாரோ ஒருவர் குடித்துக்கொண்டிருந்த ஆரஞ்சுச் சாறு அது.

ஐம்பதாவது பிறந்தநாளில் இவர் வாழ்த்துரை வழங்கினால், பிறந்தநாள்காரர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பார். பேச்சின் நடுவே இவருக்கு ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: "அந்தக் கணத்தில் விதி சிரித்தது." விதி சிரிக்காத கதை எதையும் இவர் சொன்னதில்லை. விதிக்கும் வாய் வலிக்காதா?

இந்த இனத்தை இத்தனை நுணுக்கமாக எங்கே கவனித்தாய் என்று கேட்கிறீர்களா? காலையில் சவரம் செய்யும்போது.

ஆம், நானேதான். எங்கள் ஊர்த் தமிழ் மாத இதழில் தொண்ணூற்றேழு மாதங்களாகத் தொடர்கதை எழுதுகிறேன். என் நாயகிக்கு இரண்டு தடவை கண்பார்வை போயிருக்கிறது. இரண்டாவது தடவை போனபோது, முதல் தடவை போனது எப்போது திரும்பி வந்தது என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அவருடைய கடிதத்தைப் படித்துக் கொஞ்சம் அழுதேன்.

எங்கள் இனத்தாரின் கையில் அகப்படக்கூடாத பொருள்கள் சில உண்டு. ஹோவர்கிராஃப்ட் அவற்றில் ஒன்று. அடியில் காற்றை ஊதி, அந்தக் காற்றின்மேல் ஏறி, தண்ணீரிலும் தரையிலும் வழுக்கிக்கொண்டு போகுமே, அந்த வாகனம். அதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? பொறுங்கள்.

ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் செபஸ்ரியன் குடியிருக்கிறார். பொருட்கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டியவர். கிடங்கை மூடிவிட்டார்கள், ஒரு வருடமாக வேலை இல்லை. உள்ளூர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் அறிவியல் விளையாட்டுகளைச் செய்துகாட்ட ஓர் ஆள் தேடினார்கள். "ஒரு சனிக்கிழமை வந்து ஒன்றைச் செய்து காட்டுங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம்" என்று பொறுப்பாளர் அம்மையார் நாள் குறித்துக் கொடுத்தார். செபஸ்ரியன் தேர்ந்தெடுத்தது ஹோவர்கிராஃப்ட். வட்டமாக வெட்டிய ஒட்டுப்பலகை, அதன் அடியில் பாவாடைபோல ஒரு தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, மேலே உட்கார ஒரு தோட்டத்துக் கதிரை. காற்றை ஊதுவதற்கு வீட்டிலிருந்த பழைய வாக்குவம் கிளீனர், குழாயை அதன் ஊதும் பக்கத்தில் மாட்டி.

கீழ்த்தளச் சாமான் அறையில் அவர் அதைச் செய்துகொண்டிருந்தபோது, இதழுக்கு ஒரு கட்டுரை எழுதலாமென்று போனேன். முதன்முதலில் இதைக் கண்டுபிடித்த ஆங்கிலேயரைப் பற்றிச் சொன்னார்.

"ஒரு கோப்பித் தகரத்துக்குள்ளை பூனைச் சாப்பாட்டுத் தகரம் ஒண்டை வைச்சு, ரெண்டுக்கும் இடையிலை இருக்கிற வளைய இடுக்காலை காத்தை ஊதி, சமையல் தராசிலை அமுக்கம் பாத்திருக்கிறார். ஒற்றைத் தகரத்தாலை ஊதினதிலும் பாக்க இதிலை அமுக்கம் கூட."

"பூனை செத்துப்போச்சோ?" என்று கேட்டேன்.

"எந்தப் பூனை?"

"சாப்பாட்டுத் தகரம் எண்டு சொன்னீரே."

"ஜோன்சன், அது வெறுந்தகரம்."

எனக்கு ஏமாற்றம். ஆனால் அடுத்து வந்ததைக் கேளுங்கள். அந்த மனிதர் தன் கண்டுபிடிப்பைத் தூக்கிக்கொண்டு போனபோது, கடற்படை இது விமானம் என்றதாம், விமானப்படை இது படகு என்றதாம். எனக்கு நெஞ்சை அடைத்தது. எந்த நாடும் ஏற்காத அகதியல்லவா அது! 1959இல் முதல் வண்டி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, கண்டுபிடித்தவரே அதில் போனார். ஓட்டுநராக அல்ல, வண்டி சரியாமல் இருக்க அங்குமிங்கும் நகர்ந்து கொடுக்கும் பாரமாக. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன்.

"உமக்குத் தடிமனோ?" என்றார் செபஸ்ரியன்.

கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். எல்லாம் சரியாக வந்தது, ஓர் இடத்தைத் தவிர. "செபஸ்ரியனின் மனைவி எமிலி தன் வாக்குவம் கிளீனரைக் கொடுத்து உதவினார்." எத்தனை தடவை வாசித்தாலும் கண் நனையவில்லை. வாக்குவம் கிளீனருக்காக எந்த வாசகர் அழுவார்? ஒரேயொரு சொல்லை மாற்றினேன். மற்றவை தாமாக மாறிக்கொண்டன. "'இதை விற்று மோட்டார் வாங்குங்கள்' என்று விம்மியபடி எமிலி தன் தாலிக்கொடியைக் கழற்றிய அந்தக் கணத்தில்..." விதி என்ன செய்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

குறித்த சனிக்கிழமைக்கு ஆறு நாள் முன்பு, ஞாயிறு காலையில் இதழ் மாதா கோயில் வாசலில் விநியோகமாயிற்று. குளிர் மைனஸ் பதினான்கு. எமிலி கழுத்தில் மூன்று சுற்றுச் சால்வை, அதற்குமேல் தடித்த மேலங்கி. உள்ளே தாலிக்கொடி பத்திரமாக இருக்கிறது என்பதைப் பார்க்க யாருக்குக் கண் இருக்கிறது? பூசை முடிந்ததும் ஏழு பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். கட்டிப்பிடித்த சாட்டில் ஏழு பேரும் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். மங்களேஸ்வரி அக்கா மட்டும் இரண்டு தடவை தடவினார். சால்வை தடிப்பு, ஒன்றும் தட்டுப்படவில்லை. அழுதுகொண்டே போனார்.

எனக்கு ஒரே பாராட்டு மழை. எட்டாம் தளத்துக் கோபாலன் மட்டும் மின்தூக்கியில் பிடித்துக்கொண்டார். சென்னைக்காரர், மென்பொருள் வேலை.

"ஆர்ட்டிக்கிள் படிச்சேன் சார். ரொம்ப டச்சிங். மோட்டார் எத்தனை வாட்ஸ்னு எங்கேயுமே போடலையே?"

"அது முக்கியமா தம்பி?"

"கண்ணீர்ல வண்டி மேல எழும்பாதே சார்."

திங்கட்கிழமை எமிலி கோபித்துக்கொண்டு லோறென்ஸ்கூக்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கோபித்துப் போகும் மனைவி பெட்டி எடுத்துக்கொண்டு போவார் என்றுதான் தொண்ணூற்றேழு மாதங்களாக எழுதி வந்திருக்கிறேன். எமிலி வாக்குவம் கிளீனரை எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் செபஸ்ரியன் என் வீட்டுக்கு வந்தார்.

"நீர் என்ன மனிசனப்பா? சனிக்கிழமை நான் எதைக் கொண்டுபோய்க் காட்டுறது?"

"வேறை ஒண்டு வாங்கேலாதோ?"

"இப்ப வாற மிஷினுகள் நித்திரையிலை மூச்சு விடுற மாதிரி ஊதுது. உது பழசு, ரெண்டாயிரம் வாட். பலகையிலை ஓட்டை வெட்டினது அதின்ரை குழாய்க்கு." கதிரையில் அமர்ந்தார். "மிஷின் கிடைச்சாலும் அவள் வரமாட்டாள். அவள் இல்லாமல் எனக்கு அந்தப் பலகையைச் சரிக்கட்டத் தெரியாது."

அவர் அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அழவில்லை. இந்த ஒரு வருடத்தில் அனுப்பிய வேலை விண்ணப்பங்கள் நூற்றுப் பன்னிரண்டு என்று மட்டும் சொன்னார். அதில் சேர்ப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

லோறென்ஸ்கூக் பஸ்ஸில் மன்னிப்புரை ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போனேன். "ஒரு பாவியின் கைகள் நடுங்குகின்றன" என்று தொடங்கும். கதவைத் திறந்தவர் எமிலி. வீட்டுக்குள்ளே சால்வை இல்லை. தாலிக்கொடி சட்டைக்கு வெளியே நன்றாகத் தெரியத் தொங்கியது.

"வடிவாப் பாருங்கோ ஜோன்சன் அண்ணை. தொட்டுப் பாக்கப்போறீங்களோ? எல்லாரும் தொட்டவை."

"ஒரு பாவியின் கைகள்..."

"கையைக் காச்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு கதையுங்கோ."

வைத்துக்கொண்டேன்.

"தாலியைக் கழட்டினதெண்டு எழுதினதைக்கூட மறப்பன். அழுதனான் எண்டு எழுதினீங்கள். நான் அழேல்லை. இவர் விரிப்புக்கு நடுவிலை ஒரு பெரிய ஓட்டை வெட்டிப்போட்டு, மூண்டு கிழமையா அது ஒரு பக்கமாச் சரியுது எண்டு தலையிலை கை வைச்சுக்கொண்டு இருந்தார். நான்தான் சொன்னனான், காத்தை ஒரு இடத்தாலை விடாதேங்கோ, சுத்திவர வளையமா ஆறு ஓட்டை வெட்டுவம் எண்டு. நானே வெட்டி, நானே விளிம்பை ஒட்டினனான். அண்டைக்குத்தான் அது முதல் எழும்பினது. நீங்களும் அங்கை நிண்டனீங்கள்தானே? அதை ஏன் எழுதேல்லை?"

நின்றேன்தான். பார்த்தேன்தான். எமிலி முழங்காலில் இருந்து கத்தரிக்கோலால் வளையமாக ஆறு ஓட்டை வெட்டியதை, இரண்டு அடி தூரத்தில் நின்று, இதில் கண்ணீர் எங்கே வரும் என்று யோசித்துக்கொண்டே பார்த்தேன். இரண்டு தகரங்களுக்கு நடுவே அந்த ஆங்கிலேயர் கண்ட அதே வளையம். அவருக்காகச் சுவர்ப்பக்கம் திரும்பியவன், கட்டுரையில் எமிலியின் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு ஒரு விம்மலைக் கொடுத்திருக்கிறேன்.

"என்ன செய்யவேணும், சொல்லுங்கோ" என்றேன். கண்ணீர் சேர்க்காமல் அன்று நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"வாற இதழிலை எழுதுங்கோ. வாக்குவம் கிளீனர், ஆறு ஓட்டை, என்ரை பேர். விதி சிரிக்கக்கூடாது."

"சத்தியமா."

"சனிக்கிழமை இந்த மிஷினை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வரவேணும்."

தூக்கிக்கொண்டு வந்தேன். நூலகத்தில் நாற்பது பேர் இருக்கும். செபஸ்ரியன் பலகைமேல் முன்பக்கத்தில் நின்று, இப்படிப்பட்ட வண்டியை மணலிலும் சேற்றிலும் ஓட்டலாம், தொடக்கத்தில் சின்ன அலை வந்தாலும் தடுமாறியது, பிறகு இன்னொருவர் அடியில் ரப்பர்ப் பாவாடை கட்டலாமென்று சொன்ன பின்தான் பெரிய அலைகளைக் கடந்தது என்று நோர்வே மொழியில் விளக்கினார். எமிலி வாக்குவம் கிளீனரின் ஆளியைத் தட்டினார். இரைச்சல் கிளம்பியது, விரிப்பு உப்பியது, செபஸ்ரியன் நின்ற பக்கம் அழுந்தி, பலகை சரிந்தது. பொறுப்பாளர் அம்மையார் தன் குறிப்பேட்டைப் பார்த்தார்.

எமிலி மிஷினை நிறுத்தினார். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, விரலால் என்னைச் சுட்டினார்.

"ஜோன்சன் அண்ணை, பின்னுக்குக் கதிரையிலை வந்து இருங்கோ. சரிவை நிமித்த உங்கடை பாரம் காணும்."

இருந்தேன். மறுபடி இரைச்சல். இந்த முறை, எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு அது எழும்பியது. எவ்வளவு? ஒரு விரல் அகலம். என் இனத்தார் அதை ஒரு முழம் என்பார்கள், ஒரு விரல்தான். எமிலி சுட்டுவிரலால் கதிரையின் முதுகைத் தள்ள, சிறுவர் புத்தகத் தட்டிலிருந்து சமையல் புத்தகத் தட்டுவரை சத்தியமாக மிதந்து போனேன். ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர் பாரமாகப் போனதற்காக அழுதேனே, பாரமாகப் போவது அத்தனை சுகம்.

விரிப்பைச் செய்தது யார் என்று அம்மையார் கேட்டார். செபஸ்ரியன் எமிலியைக் காட்டினார். எமிலி பலகையைப் புரட்டி ஆறு ஓட்டைகளையும் காட்டி விளக்கிய பத்து நிமிடமும் அம்மையார் எழுதிக்கொண்டே இருந்தார். "அடுத்த சனிக்கிழமையிலிருந்து தொடங்குங்கள், இருவரும்" என்றார்.

திருத்தத்தை எழுதினேன். வாக்குவம் கிளீனர், ஆறு ஓட்டை, எமிலி. விதி வாயை மூடிக்கொண்டிருந்தது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் பதினொரு பேர் எழுதினார்கள். ஆறு ஓட்டையைப் பற்றிக் கேட்டவர் கோபாலன் ஒருவர்தான். மற்றப் பத்துப் பேரும் தாலிக்கொடியை மீட்டாயிற்றா என்று கேட்டிருந்தார்கள்.

பாவம், அவர்களும் எங்கள் இனம். நீங்கள் அப்படியில்லை. தலைப்பில் பார்த்த தாலிக்கொடி உண்மையில் வாக்குவம் கிளீனர்தான் என்று நான் சொன்ன இடத்தில் உங்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றமும் வரவில்லை, இல்லையா? அந்தப் பூனைக்கு என்ன ஆயிற்று என்று ஒரு கணமும் நினைக்கவில்லை, இல்லையா?

எமிலி இன்னும் சால்வை சுற்றிக்கொண்டுதான் கோயிலுக்கு வருகிறார். உள்ளே தாலிக்கொடி இருக்கிறது, நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனாலும் எழுதுபவன் நான்தானே, எதற்கும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடலாமே என்று உங்கள் விரல் குறுகுறுக்கிறதா? வாருங்கள். மங்களேஸ்வரி அக்காவுக்குப் பின்னால் வரிசையில் இடம் இருக்கிறது.