நான்கு டயரும் ஒரு விசாரணைக் கமிஷனும்

கடைக்குப் போய்ப் பொருளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் என்று மனிதர்களில் ஒரு வகை உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போனார்கள், வாங்கினார்கள், வந்தார்கள். நான் சொல்லவந்தது இன்னொரு வகையை. வாங்குவதற்கு முன்னால் 'கொஞ்சம் விசாரிச்சுப் பார்க்கலாம்' என்று கிளம்பி, அந்த விசாரணைக்குள்ளேயே குடியேறி, அங்கேயே ரேஷன் கார்டும் வாங்கிவிடுகிறவரை. அவருக்கு விசாரிப்பாளர் என்று பெயர் வைக்கிறேன். உங்களுக்கும் ஒருவரைக் கட்டாயம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தவர், மட்டாஞ்சேரியில் என் அடுத்த வீட்டு விஸ்வநாத். போன நவம்பரிலிருந்து அவர் டயர் விசாரிக்கிறார்.

ஏழு பேர் உட்காரக்கூடிய பெரிய வண்டி அவருடையது. வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. கம்பெனியிலிருந்து வந்த டயரே இன்னும் ஓடுகிறது. மெக்கானிக் நாணு சேட்டன் ஒரு நாள் கட்டைவிரலால் டயரைத் தடவிப் பார்த்து, "மொட்டையாயி சாரே. சீக்கிரம் மாத்திக்கோ" என்றார். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? அன்று சாயங்காலமே மாற்றியிருப்போம், அல்லது சம்பள நாள் வரை பொறுத்திருப்போம். விஸ்வநாத் என்ன டயர் போடலாம் என்று கேட்டார். நாணு சேட்டன் ஒன்றைச் சொன்னார். ஏன் அது என்று கேட்டார். நல்லது என்றார் சேட்டன். எதை வைத்து நல்லது என்கிறீர்கள் என்று இவர் அடுத்த கேள்வியைப் போட்டார். சேட்டன் வேறொரு வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டார். கமிஷன் அன்றைக்கு ஆரம்பித்தது.

விசாரிப்பாளரைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். அவர் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை வந்து இறங்கிய காரின் முன்சக்கரத்தைப் பார்க்கிறார். துக்கம் கேட்கப் போன இடத்தில், பாவம், வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸின் பின்சக்கரத்தைப் பார்க்கிறார். இடப்பள்ளி மாலுக்குக் குடும்பத்தோடு போனபோது மனைவி மதுவந்தியும், ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் தன்யாவும் துணி பார்க்க மேலே போய்விட, இவர் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு மணி நேரம் ஊரார் வண்டிகளுக்குப் பக்கத்தில் குத்த வைத்து, செல்போன் வெளிச்சத்தில் டயர் டயராகப் படித்துக்கொண்டிருந்தார். காற்றைப் பிடுங்கிவிட வந்த ஆள் என்று காவலாளி காலரைப் பிடித்துவிட்டான். மதுவந்திதான் இறங்கி வந்து, "எங்காத்துக்காரர்தான், விட்டுடுங்கோ" என்று மீட்டுக்கொண்டு போனாள். அந்தக் காவலாளியிடமும் இவர் போகிற போக்கில், உங்கள் பைக்குக்கு என்ன டயர் என்று கேட்டிருக்கிறார்!

மிளகு ஏற்ற பஜார் ரோட்டுக்கு வரும் லாரிக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தேனிப் பக்கத்து டிரைவர் செல்லதுரை கிளீனர் இல்லாமல் தானே தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். இவர் கீழே நின்றுகொண்டு, இந்த டயரை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்.

"முதலாளி மாட்டிவிட்டாருங்க சார். நான் ஓட்டுறேன்."

"பிடிப்பெல்லாம் எப்படி?"

"பிரேக்கை மிதிச்சா நிக்குதுங்க."

இதில் தரவே இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டு வந்தார் விஸ்வநாத்.

தரவு எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரில் இருக்கிறது. பதினெட்டு வகை டயர், முப்பத்திரண்டு கட்டம், பச்சை மஞ்சள் சிவப்பு என்று ஒரு பெரிய அட்டவணை. எங்கோ ஐரோப்பாவில் ஒரு மனிதர் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு பனியில் வண்டியை ஓட்டி வீடியோ எடுக்கிறார். மட்டாஞ்சேரியில் இவர் பனியனோடு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அதற்குக் குறிப்பெடுக்கிறார். எங்கள் தெருவில் வேலியேற்றம் என்கிற கடல் பெருக்கின்போது காயல் உப்புத் தண்ணீர் கணுக்கால் வரை ஏறி வரும். அந்தத் தண்ணீரில் எந்த டயர் தாங்கும் என்று உலகத்தில் ஒருத்தரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. "மாமா, இதை யாருமே டெஸ்ட் பண்ணலை, கேட்டேளா?" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது கவலையா? இல்லவே இல்லை. பரம சந்தோஷம். இன்னும் ஆறு மாதத்துக்கு விசாரிக்க விஷயம் கிடைத்துவிட்டதே.

தேவராவில் டயர் கடை வைத்திருக்கும் சுதீர் நல்ல பொறுமைசாலி. டயரின் பக்கவாட்டில், அது எந்த வருஷத்தில் எத்தனையாவது வாரம் தயாரானது என்று நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருப்பார்கள். பிப்ரவரியில் சுதீர் காட்டிய டயரை, ஒன்பது வாரப் பழசு என்று இவர் திருப்பிவிட்டார். ஏப்ரலில் போய் மறுபடி கேட்டார். அதே டயர்; இப்போது பதினேழு வாரம். "பாத்தேளா, இன்னும் பழசாயிடுத்து!" என்று குற்றம் சாட்டினார். சுதீர் தலையைச் சொறிந்துகொண்டு, "சாரே, உங்களுக்கு டயர் வேணுமா, டயரோட ஜாதகம் வேணுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியையும் இவர் சிரிக்காமல் யோசித்துப் பார்த்தார்.

இது வரைக்கும் வேடிக்கைதான். ஆனால் அந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர் விஸ்வநாத் இல்லை. அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. தன்யாவைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வெலிங்டன் தீவைத் தாண்டி, தேவராவில் இருக்கும் வங்கிக்கு அதை ஓட்டிக்கொண்டு போகிறவள் மதுவந்தி. ஜூன் முதல் வாரத்தில், பள்ளி திறந்த கையோடு, ஒரு காலை மழை. பாலத்து இறக்கத்தில் முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. இவள் பிரேக்கை அழுத்தினாள். வண்டி நிற்கவில்லை, சோப்புத் தண்ணீரில் போவது போல வழுக்கிப் போய், லாரியின் பின்கம்பிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. தன்யா அலறிவிட்டாள். அன்று சாயங்காலம் மதுவந்தி பேசியது சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கே கேட்டது.

"எனக்குப் பயமா இருக்கு, கேட்டேளா? இருபதாம் தேதி தங்கையோட வளைகாப்புக்குப் பாலக்காடு வரைக்கும் கொழந்தையை வச்சுண்டு இதுல எப்படிப் போறது?"

"அதுக்குத்தானேடி இவ்வளவு பாடுபடறேன்! உங்க பாதுகாப்புக்குத்தான். அவசரப்பட்டு ஏதாவது ஒண்ணை மாட்டிட முடியுமோ? மழையில நிக்கற தூரத்துக்கு ஒரு புது வீடியோ வந்திருக்கு. இரு, காட்டறேன்."

பாதுகாப்பைப் பற்றி விசாரிக்கிற மும்முரத்தில் பாதுகாக்க வேண்டியவள் பயந்துபோயிருப்பது கண்ணில் படவில்லை. எனக்குச் சுவரேறிக் குதித்து இரண்டு போடலாம் போல இருந்தது. மதுவந்தி வீடியோவைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு டயர் என்ற பேச்சையே அவள் எடுக்கவும் இல்லை. கடைசியில் அவளுக்கே விஷயம் புரிந்துவிட்டது என்று விஸ்வநாத் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அவளுக்கு நன்றாகப் புரிந்துதான் இருந்தது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வண்டியை நேரே சுதீர் கடைக்கு விட்டாள். இரண்டே கேள்வி கேட்டாள்.

"மழையில நிக்குமா?"

"நிக்கும் மேடம்."

"இன்னிக்கே மாட்ட முடியுமா?"

"ஒரு மணிக்கூர் மதி, அதுவே போதும். உட்காந்து ஒரு சாயா குடிங்க."

சாயா ஆறுவதற்குள் பழைய டயர் கழன்றது. ஒரு மணி நேரத்தில் நான்கு புது டயரும் ஏறி, சக்கரமெல்லாம் நேர் பார்த்து, வண்டி தெருவுக்கு வந்துவிட்டது. ஏழு மாத விசாரணை முடிந்தது. அதாவது, வண்டியைப் பொறுத்தவரை முடிந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவராகவே பார்த்துக் கேட்பார், சொல்லிக்கொள்ளலாம் என்று மதுவந்தி காத்திருந்தாளாம். என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? தம் வண்டியின் டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நவம்பரிலேயே அளந்து, வாரத்துக்கு எவ்வளவு தேயும் என்று அட்டவணையில் போட்டுவைத்திருக்கிறார். தெரிய வேண்டுமென்றால் அட்டவணையைப் பார்ப்பார். வாசலில் நிற்கும் வண்டியை எதற்குப் பார்க்க வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு, புது டயரில் ரப்பர் மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினார். அந்த மயிர்கள் அவருடைய வேட்டியைக் குத்திக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிரித்துவிடுவேன்.

வளைகாப்புக்கு அவரே ஓட்டிக்கொண்டு போனார். திருச்சூரைத் தாண்டியதும் கொட்டுகிற மழையில் முன்னால் போன பஸ் கொஞ்சமும் யோசிக்காமல் நின்றுவிட்டது. இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி கோடு போட்டாற்போல் நேரே நின்றது. விஸ்வநாத் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினார். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"பாத்தியா? ஆறு வருஷத்து டயர்! என்னமா நிக்கறது! இதைப் போய் மாத்தணும்னு குதிச்சியே!"

பின்சீட்டில் தன்யா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். மதுவந்தி ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம், நன்னா நிக்கறது" என்றாள்.

ஊர் திரும்பியதும் குடியிருப்போர் சங்க வாட்ஸ்ஆப் குழுவில் விஸ்வநாத் ஒரு நீண்ட அறிக்கை போட்டார். வியாபாரிகளின் பயமுறுத்தலை நம்பி அவசரப்பட்டு டயர் மாற்றாதீர்கள், சொந்த அனுபவம் என்று. பதினாறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதோடு போயிற்றா? எதிர் வரிசை வீட்டு ஹரிஷங்கர் மாற்றுவதாக இருந்தவன், இதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நான் ஓடிப்போய் அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, உடனே சுதீர் கடைக்கு அனுப்பிவைத்தேன்.

மதுவந்தியிடமும் கேட்டுவிட்டேன்.

"எப்பம்மா அவர்கிட்ட சொல்லப்போறே?"

"எதுக்கு மாமா? வண்டி நிக்கறது. கொழந்தை பயமில்லாம ஏறி உக்காறா. எனக்கு அது மதி. அவர் இப்போ வாஷிங் மெஷின் விசாரிக்க ஆரம்பிச்சிருக்கார்."

"அதுவும் ஏழு மாசமா?"

"அது வெள்ளிக்கிழமை வந்து இறங்கறது" என்றாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நீங்களும் எதையோ விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள் இல்லையா? மெத்தையோ, இன்வெர்ட்டரோ, பெண்ணுக்கு ஒரு கல்லூரியோ? கொஞ்ச நாளாக வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்டுத் தொந்தரவு பண்ணுவதில்லை, உங்கள் நிதானத்தின் அருமை அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, எழுந்து போய் ஒரு தடவை நன்றாகக் குனிந்து பாருங்கள்.