விளையாட மாட்டேன் என்றவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. "நான் ஆடலைங்க, சும்மா பார்க்கிறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்காரும் இனம். பார்த்தால் பரம சாது. பகடையை மட்டும் இவர் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிடாதீர்கள்.

மேடையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்னைப் போன்றவர்களுக்குப் பேசக் கற்றுத்தரும் மாலை வகுப்பில்தான், இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற கிடங்கு மேலாளர். "லாரி வந்தாச்சா?", "இறக்கியாச்சா?" என்பதற்குமேல் பேசாமலே கிடங்கையும் குடும்பத்தையும் நடத்தி முடித்தவர். அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். விருந்தில் அப்பா நாலு வார்த்தை பேசியே ஆகவேண்டும் என்று அவள் அடம்பிடிக்க, மனைவி இவரை இங்கே தள்ளிவிட்டிருந்தார்.

ஆசிரியை மேசைமேல் படச்சீட்டுகளைப் பரப்பினார். ஒரு சீட்டை எடுத்து, பகடை காட்டும் எண்ணுக்குத் தகுந்தபடி அத்தனை வாக்கியத்தில் கதை கட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

"சின்னப் பசங்க விளையாட்டுக்கா பஸ் ஏறி வந்தேன்?" என்றார் மேலாளர். "எனக்கு முட்டி வலி வேற."

கதைக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்? கேட்க யாருக்குத் தைரியம்?

வகுப்பில் எங்களோடு இருந்த பல் வைத்தியர் பகடையை உருட்டினார். "ஓரத்துல சாய்ஞ்சு நிக்குது, செல்லாது!" என்றது ஒரு குரல். மேலாளர்தான். சும்மா பார்க்கிறாராம்! தையல்காரம்மா கதை சொல்ல, "'அப்புறம்'னு இழுக்கிறதை எல்லாம் ஒரு வாக்கியமா எடுத்துக்க முடியாதும்மா" என்றார். நாற்காலி கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. பல் வைத்தியர் தன் கதையில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பல் பிடுங்கத் தொடங்கியதும் மனிதருக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே வந்துவிட்டார்.

"கொடுங்க இப்படி! எப்படிச் சொல்லணும்னு மட்டும் காட்டிட்டுப் போயிடறேன்."

படத்தில் குடை. பகடையில் ஆறு.

"மேற்படி குடை..." என்று ஆரம்பித்தார். நின்றார். வேர்த்தார்.

"குடை எங்க போச்சு சார்?" என்றார் தையல்காரம்மா இரக்கத்தோடு.

"எங்கயும் போகலைம்மா. எங்க கிடங்குல வேலைக்குச் சேர்ந்துடுச்சு."

எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு அவர் தலைக்கேறியது. குடை லாரி இறக்கியது, மழை நாளில் மட்டும் லீவு கேட்டது, மழைக்கோட்டு ஒன்றைக் காதலித்தது, காதலுக்காகக் கம்பி வளைந்து மெலிந்தது. ஆறாவது வாக்கியம் எப்போதோ கடந்துபோயிருந்தது.

"சார், முடிஞ்சுது" என்றார் ஆசிரியை.

"இருங்கம்மா! பொண்ணு வீட்ல இன்னும் சம்மதிக்கலை!"

கல்யாண விருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். மைக் முன்னால் நின்றார், பேச்சு வரவில்லை. மகளின் முகம் வாடத் தொடங்கியது. சட்டென்று திரும்பி, "சம்பந்தி, ஏதாவது ஒரு பொருள் பேரு சொல்லுங்க" என்றார்.

சம்பந்தி மிரண்டுபோய், "செ... செருப்பு" என்றார்.

"செருப்பு! எம்பொண்ணு நடை பழகினதே என் செருப்பை மாட்டிக்கிட்டுத்தான். ஒருநாள் அதோட லாரியில ஏறி உக்காந்துட்டா. இறங்குடின்னேன். 'நீயும் ஏறுப்பா'ன்னா. எனக்கு அன்னிக்கு வேலை இருந்துச்சு. இன்னிக்கு இல்லை. எங்க கூப்பிட்டாலும் ஏறிடுவேம்மா."

மகள் மூக்கை உறிஞ்சினாள், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கைத்தட்டல் அடங்கவில்லை. மேலாளர் மேடையைவிட்டு இறங்கினாரா? "அடுத்த பொருள் யார் சொல்றீங்க?" என்றார்! சாப்பாடு ஆறி, சம்பந்தி கெஞ்சி, மாப்பிள்ளையே மைக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். உங்கள் பக்கத்தில் பிள்ளைகள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தபோது, நாளிதழுக்குப் பின்னாலிருந்து "குதிரையை எடுடா, குதிரையை!" என்று அலறியது அப்படியானால் யார்?