நாற்காலி யாரைத் திட்டியது?

மண்டப வாசலில் செருப்பு மலை. உள்ளே முந்நூறு மனைவிமார், புருஷனின் குடியை நிறுத்த வந்தவர்கள். குடிக்கிறவன் ஒருவன்கூட இல்லை; வரத் தேவையில்லையாம். பெண்டாட்டியின் வாய்ச்சூடுதான் புருஷனைக் குடிக்க விரட்டுகிறது என்பது நூல் சாமியாரின் கண்டுபிடிப்பு. நாறுவது அவன் வாய், குற்றவாளி இவள் வாய். என்னே ஞானம்!

பரிகாரம், மணிக்கட்டில் மஞ்சளில் தோய்த்த ஒரு நூல். புருஷனை ஒரு சொல் கடிந்தாலும் சிவந்துவிடும். சிவந்தால் புது நூல், புதுக் காணிக்கை. புருஷன்மார்களே பெண்டாட்டிகளை வண்டியேற்றி அனுப்பினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்காரிக்கு ஏழு நூல் சிவந்தாயிற்று. அவள் புருஷன், வேன் டிரைவர், இரண்டு முறை ரத்த வாந்தி எடுத்திருந்தான். குடிநோய் வார்டு டாக்டர் இருவரையும் சேர்ந்து வரச்சொல்லியிருந்தார். அவனோ, "நூலைப் பாரு. கோளாறு உன் வாயிலதான்" என்று தம்ளரை நிரப்பினான். அவளும் நம்பினாள். மூன்று வாரம் ஊமையாக இருந்து பார்த்தாள். அப்படியும் சிவந்தது. தூக்கத்தில் திட்டினேனோ என்று அழுதாள்.

பிறகு தோள் பிசகி, நூல் கட்டிய கையைக் கழுத்தோடு தொங்கவிட்டு ஒரு வாரம் வீட்டிலிருந்தாள். துவைப்பது, கழுவுவது எல்லாம் மகள். அந்த வாரம்தான் வேனைச் சுவரில் மோதிவிட்டு வந்தவனைத் தெருவே கேட்க வறுத்தெடுத்தாள். நூல் மஞ்சளாகவே இருந்தது.

அந்தக் கை ஒரு வாரமாகச் சோப்பைத் தொடவில்லையே என்று அவளுக்குப் பொறி தட்டியது. மகளிடம் சோப்பை வாங்கி நூலில் தேய்த்தாள். வாயைத் திறக்கவில்லை, நூல் ரத்தமாய்ச் சிவந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் புருஷனையும் இழுத்துப் போனாள். புது நூலொன்றை வாங்கி, சாமியாரின் நாற்காலிக் கையில் கட்டினாள். ஈரச் சோப்பைத் தேய்த்தாள். சிவந்தது.

"சாமி, இந்த நாற்காலி எந்தப் புருஷனைத் திட்டிச்சு?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். முந்நூறு பேரும் சிரித்தார்கள். கைகழுவி வருவதாகப் பின்வாசல் வழியே போன சாமியார் திரும்பவே இல்லை.

புருஷனுக்குச் சாக்கு தீர்ந்துவிட்டது. "நாளைக்கு வார்டுக்குப் போவமா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

டாக்டர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். குடித்தது அவன் பொறுப்பு, மீள்வதற்கு அவள் துணை, நாளாகும் என்றார். அற்புதம் எதையும் அவர் வாக்களிக்கவில்லை.

நூல் சிவந்தபோதெல்லாம் பெண்டாட்டியைச் சந்தேகித்தார்கள். நூலைச் சந்தேகிக்க ஒருத்திக்குத்தான் தோன்றியது. மற்றவர்களுக்கும் கழுத்துக்கு மேலே தலை இருக்கிறது. சீவி முடிக்க மட்டுமா அது?